வீதி மாறினால் வேகம் மாறும்

"எங்கட ஆக்களுக்கு வாகனம் ஓடத் தெரியாது" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர முன்னரே இதை இரண்டு மூன்று தடவை சொல்லிவிடுவார். நாட்டுக்குள்ளேயும் இதே கதைதான். கொழும்பார் பொறுமையற்றவர்கள், மலைநாட்டுச் சாரதிகள் நிதானமானவர்கள், எங்கள் ஊர் இளைஞர்கள் பிரேக்கை விட ஹோர்னையே நம்புகிறவர்கள் என்று ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு பட்டம் சூட்டி வைத்திருக்கிறோம்.

இப்பேச்சில் சரியான ஓர் அவதானம் இருக்கிறது. வாகனம் செலுத்தும் வேகமும் விதமும் இடத்துக்கு இடம் வேறுபடுவது உண்மை. ஆனால் அதற்கு நாம் கூறும் காரணம் சரியா என்பதே கேள்வி. மனிதருடைய குணம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறதா, அல்லது அவர் கால் வைத்திருக்கும் வீதி தீர்மானிக்கிறதா?

இதற்கு விடை காண்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் ஒரு சாரதியைக் கவனித்தால் போதும். அவர் பழைய காலி வீதியால் செல்வாராயின் பஸ் தரிப்பிடங்களையும் முச்சக்கர வண்டிகளையும் குறுக்கே கடப்பவர்களையும் பார்த்துப் பார்த்து, ஹோர்ன் அடித்து, இடைவெளி கிடைத்த இடமெல்லாம் நுழைந்து செல்வார். அதே மனிதர் அதே காரில் கொட்டாவையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்குள் ஏறியதும் ஆள் மாறிவிடுகிறார். ஹோர்ன் சத்தம் நின்றுவிடுகிறது. தன் நிரலில் ஓடுகிறார். முந்துவதற்கு முன் சமிக்ஞை போடுகிறார். ஒரு மணித்தியாலத்தில் காலிக்கு அருகே பின்னதுவையில் இறங்கி நகரத்துக்குள் நுழைந்ததும் பழைய மனிதர் திரும்பி வந்துவிடுகிறார். இடையில் அவருக்கு யாரும் ஒழுக்கம் போதிக்கவில்லை.

2011 நவம்பரில் திறக்கப்பட்ட இந்நெடுஞ்சாலைதான் இலங்கையின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை. 2014இல் மாத்தறை வரையும் 2020இல் அம்பாந்தோட்டை வரையும் நீண்டது. அங்கே எதிர்த் திசை வாகனங்கள் நடுத்தடுப்பால் பிரிக்கப்பட்டுள்ளன. சந்திகள் இல்லை. பாதசாரிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் அனுமதி இல்லை. ஆகக் கூடிய வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். சாரதிக்குத் திடீர் முடிவு எடுக்க வேண்டிய தருணங்கள் அங்கே மிகக் குறைவு. அதனாலேயே அவர் அமைதியடைகிறார். (அதற்காக அங்கே எல்லோரும் ஒழுங்காக ஓடுகிறார்கள் என்பதல்ல. மழை பெய்யும்போது முன்னால் செல்லும் வாகனத்துடன் மோதுவதும், தூக்கக் கலக்கத்தில் தடுப்பில் மோதுவதும் அங்கும் நடக்கின்றன.)

எமது நாட்டுக்குள்ளே சில முகங்கள்

அதிவேக நெடுஞ்சாலைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கார் ஒன்று நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றரும் அதற்கு வெளியே 70 கிலோமீற்றரும் செல்லலாம். முச்சக்கர வண்டிக்கு எங்கும் 40. கண்டியிலும் இதுதான், கல்முனையிலும் இதுதான். ஆகவே பிரதேசத்துக்குப் பிரதேசம் காணப்படும் வேறுபாட்டைச் சட்டம் உண்டாக்கவில்லை.

மலைநாட்டை எடுத்துக்கொள்வோம். கடுகண்ணாவை ஏற்றத்திலோ நுவரெலியா வீதியிலோ வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது தெரியாது. எனவே வளைவில் ஹோர்ன் அடிப்பது அங்கு முரட்டுத்தனம் அல்ல. "நான் வருகிறேன்" என்ற அறிவித்தல். ஒடுங்கிய இடத்தில் இரண்டு வாகனங்கள் எதிர்ப்பட்டால் இறங்குகின்ற வாகனம் நின்று ஏறுகின்ற வாகனத்துக்கு வழிவிட வேண்டும். பாரத்தோடு ஏறும் லொறியை நடு ஏற்றத்தில் நிறுத்தினால் மீண்டும் கிளப்புவது கடினம். பின்னோக்கி உருளவும் கூடும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஆகவே கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்க வேண்டும். தினமும் அப்பாதையில் ஓடுகிறவருக்கு இவையெல்லாம் கை கால்களில் ஊறிப்போனவை. மலைநாட்டுச் சாரதியின் நிதானம் என்று நாம் மெச்சுவதில் பெரும் பங்கு மலைக்குரியது.

உலர் வலயம் இதற்கு நேர்மாறு. ஹபரணையிலிருந்து பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை ஊடாகக் கிழக்கு நோக்கி வரும் ஏ-11 வீதியிலும், வவுனியாவுக்கு அப்பால் ஏ-9 வீதியிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேராகக் கிடக்கும் பகுதிகள் உள்ளன. இரு பக்கமும் காடு. வேகமானியைப் பார்க்காவிட்டால் 90இல் ஓடுகிறோமா 60இல் ஓடுகிறோமா என்பதே விளங்காது. இரவில் யானை நடு வீதியில் நிற்கலாம். கரிய உடம்பு என்பதால் விளக்கொளியில் மிகவும் அருகே வந்த பின்னர்தான் தென்படும்.

மூன்றாவது வகை, நம்மில் பலர் அன்றாடம் பார்க்கும் கிழக்குக் கரையோரம். அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி என்று ஏ-4 வீதி ஊர்களுக்கூடாகவே மட்டக்களப்பை நோக்கிச் செல்கிறது. இது தூர இடங்களை இணைக்கும் பெருந்தெரு. அதேநேரம் ஊரின் கடைத்தெருவும் இதுதான். பாடசாலை வாசலும் பள்ளிவாசல் வாசலும் இதில்தான் திறக்கின்றன. காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்துப் படம் எடுக்கிறவர்களும் இவ்வீதியைத்தான் கடக்க வேண்டும். கொழும்பிலிருந்து இரவிரவாக வந்த பஸ்ஸும், மீன் ஏற்றிய லொறியும், துவிச்சக்கர வண்டியில் ரியூசனுக்குப் போகும் பிள்ளையும் ஒரே தார்ப்பரப்பைப் பங்கிடுகிறார்கள். இங்கே அபாயம் வேகத்தால் மட்டும் வருவதல்ல. ஒரே இடத்தில் 15 கிலோமீற்றரில் ஒருவரும் 70 கிலோமீற்றரில் ஒருவரும் செல்கின்ற வித்தியாசமே பெரிய அபாயம்.

இன்னொரு காரணி பிழைப்பு. 1958இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ் சேவைக்குள் 1979இன் பின்னர் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். தனியார் பஸ்கள் பலவற்றில் சாரதியினதும் நடத்துனரினதும் வருமானம் அன்றைய வசூலில் தங்கியிருக்கிறது. முன்னால் செல்லும் பஸ், தரிப்பிடத்தில் நிற்கும் பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே அதை முந்தியாக வேண்டும். முந்திய பின்னர் அடுத்த தரிப்பிடத்தில் ஆறுதலாக நிற்க வேண்டும். ஒரே பஸ் பத்து நிமிடம் ஊர்ந்தும் அடுத்த பத்து நிமிடம் பறந்தும் செல்வதன் இரகசியம் இதுதான். சாரதியைத் திட்டுவதில் பலனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தில் அவரை அமர்த்தினால் அவருடைய குணமும் பாதி மாறிவிடும் என்றே எண்ணுகிறேன்.

அமெரிக்காவில் நடந்த ஒரு பரீட்சை

"பிரதேசத்துக்குப் பிரதேசம் வேகம் ஏன் வேறுபடுகிறது" என்ற கேள்விக்கு, யாரும் திட்டமிடாமலேயே ஒரு பெரிய பரிசோதனை ஐக்கிய அமெரிக்காவில் நடந்தது. அங்கு வேக எல்லையை விதிப்பது பொதுவாக மாநிலங்களின் பொறுப்பு. 1973 ஒக்டோபர் யுத்தத்தை அடுத்து அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைத் தடுத்தபோது எரிபொருளைச் சேமிப்பதற்காக, நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற ஒரே எல்லை 1974இல் சட்டமாக்கப்பட்டது. அது ஏறத்தாழ 88 கிலோமீற்றர். 1973இல் 54,000 அளவில் இருந்த அந்நாட்டின் வீதி மரணங்கள் 1974இல் 45,000 அளவுக்குக் குறைந்தன. எரிபொருள் தட்டுப்பாட்டால் மக்கள் குறைவாக ஓடியதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் ஒரு சட்டையை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுப் பார்த்தது போலாயிற்று. சனநெரிசல் மிகுந்த கிழக்கு மாநிலங்களில் 55 மைல் பொருத்தமாகவே இருந்தது. மேற்கில் மொன்டானா என்றொரு மாநிலம் இருக்கிறது. இலங்கையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு பரப்பு. இன்றும் அங்கு வாழ்பவர் 11 இலட்சம் அளவினரே. அடுத்த ஊர் 100 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். எதிரே ஒரு வாகனமும் வராது. 1974க்கு முன்னர் அங்கு பகலில் எண்ணால் குறித்த வேக எல்லையே இருக்கவில்லை. மத்திய அரசின் நிர்ப்பந்தத்தால் 55 மைல் எல்லையை ஏற்ற மொன்டானா, அதைப் பகலில் மீறுகிறவருக்கு விதித்த தண்டம் வெறும் 5 டொலர். அதுவும் ஆபத்தாக ஓடியதற்கு அல்ல, எரிபொருளை வீணாக்கியதற்கு. சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, மக்கள் விரும்பிய வேகத்தில் ஓடவும் முடிந்தது.

1995இல் அந்தத் தேசிய எல்லை நீக்கப்பட்டதும் மொன்டானா பழைய வழிக்கே திரும்பியது. பகலில் "நியாயமானதும் விவேகமானதுமான" வேகத்தில் செல்லலாம் என்பதே விதி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு நியாயமாகத் தோன்றும் வேகம் அடுத்தவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பொலிஸாருக்கு ஒன்று, நீதவானுக்கு இன்னொன்று. 85 மைல் வேகத்தில் சென்று பிடிபட்ட ஒருவர் தொடர்ந்த வழக்கில், எது குற்றம் என்பதைச் சாரதி முன்கூட்டியே அறிய முடியாத அளவுக்கு இவ்விதி தெளிவற்றது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 1998 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 75 மைல் என்று எல்லை விதிக்கப்பட்டது. 2015இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் அது 80 மைல் ஆயிற்று.

இன்றைக்கும் அந்நாட்டில் ஒரே அளவு இல்லை. ஹவாய்த் தீவுகளில் ஆகக் கூடியது மணிக்கு 60 மைல். டெக்சாஸ் மாநிலத்தில் 2012இல் திறக்கப்பட்ட ஒரு வீதியில் 85 மைல், அதாவது 137 கிலோமீற்றர். ஹவாய்க்காரர் சாதுக்கள், டெக்சாஸ்காரர் முரடர்கள் என்பது இதற்குக் காரணமல்ல. ஒன்று மலையும் கடலும் நெருக்கும் சிறு தீவுகள். மற்றது பரந்த சமவெளி.

அமெரிக்கப் பொறியியலாளர்கள் வேக எல்லையைத் தீர்மானிக்க நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஓர் அளவுகோலை இங்கே தெரிந்துகொள்வது பயனுள்ளது. நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு வீதியில் செல்லும் 100 வாகனங்களின் வேகத்தை அளந்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்துவார்கள். 85ஆவது வாகனத்தின் வேகம் எதுவோ, அதற்கு அண்மித்ததாக எல்லை அமையும். பெரும்பாலான சாரதிகள் தம் உயிரில் அக்கறை உள்ளவர்கள், வீதியைப் பார்த்தே அளவாக ஓடுவார்கள் என்பது இதன் அடிப்படை. இதில் ஒரு குறையும் உண்டு. 100 சாரதிகளின் வேகம் கணக்கில் வருகிறது. வீதி ஓரத்தில் நடக்கின்ற பிள்ளையின் அபிப்பிராயம் கணக்கில் வருவதில்லை. இன்று பல நகரங்களில் இவ்வளவுகோலைக் கைவிட வேண்டும் என்று வாதிடுவதற்கு இதுவே காரணம்.

எல்லையே இல்லாத வீதி எப்படி இயங்குகிறது என்று கேட்பவர்களுக்கு ஜேர்மனியைக் காட்டலாம். அங்குள்ள நெடுஞ்சாலைகளின் பெரும் பகுதியில் கார்களுக்குக் கட்டாய எல்லை கிடையாது. மணிக்கு 130 கிலோமீற்றர் என்பது 1978 முதல் ஒரு பரிந்துரை மட்டுமே. ஆனால் வேகத்தில் கிடைக்கும் இச்சுதந்திரத்துக்கு வேறு இடத்தில் விலை கொடுக்கிறார்கள். வலப்பக்க நிரலில் ஓட வேண்டும். இடப்பக்கத்தால் மட்டுமே முந்த வேண்டும். முந்தியதும் மீண்டும் வலப்பக்கம் வந்துவிட வேண்டும். (அங்கு வீதியின் வலப்பக்கத்தால் ஓடுவர் என்பதை நினைவிற் கொள்க.) வாகனங்கள் தேங்கி நின்றால் அம்பியூலன்ஸ் வரும் வரை காத்திராமல் முன்கூட்டியே இரு புறமும் ஒதுங்கி நடுவே பாதை விட்டுவிடுவார்கள். அந்நாட்டின் வீதி மரணங்களில் கூடிய பங்கு இந்த எல்லையற்ற நெடுஞ்சாலைகளில் நிகழ்வதில்லை. எதிரெதிராக வாகனங்கள் வரும், 100 கிலோமீற்றர் எல்லையுள்ள நாட்டுப்புற வீதிகளிலேயே நிகழ்கிறது.

பலகையில் ஒன்று, மனதில் ஒன்று

வளைகுடாவில் சாரதிகளாகத் தொழில் புரிவோர் நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு விடயம் இது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் பலகையில் எழுதப்பட்டிருக்கும் எல்லையை 20 கிலோமீற்றர் வரை தாண்டினாலும் கமராவில் படம் விழாது என்ற சலுகை நடைமுறையில் இருந்தது. 120 என்று எழுதிய வீதியில் எல்லோரும் 140ஐ நோக்கியே ஓடினார்கள். அபூதாபி 2018 ஓகஸ்ட்டில் இச்சலுகையை நீக்கிவிட்டது. அதற்கேற்பப் பலகைகளில் இருந்த எண்களையும் உயர்த்தியது. அண்டையிலுள்ள டுபாயோ சலுகையைத் தொடர்ந்தது. ஒரே பெருந்தெருவில் ஓர் இராச்சியத்திலிருந்து மற்றதற்குள் செல்லும் சாரதி, எண்ணை மட்டுமன்றி அந்த எண்ணின் அர்த்தத்தையும் மாற்றிப் படிக்க வேண்டியிருந்தது.

விளக்குச் சமிக்ஞையும் இப்படித்தான். எதிரே வரும் வாகனம் முன்விளக்கை இரண்டு முறை மின்னினால் இலங்கையில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். சிலவேளை "முன்னால் பொலிஸ் நிற்கிறது" என்றும் பொருள். பிரித்தானியாவில் அதே மின்னல் பெரும்பாலும் "நீங்கள் முதலில் வாருங்கள்" என்ற மரியாதை. ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி கூற, வாகனத்தின் நான்கு மூலை விளக்குகளையும் ஓரிரு முறை மின்னவிடுவார்கள். லண்டனில் பழகிய ஒருவர் நம் ஊர்ச் சந்தியில் மின்னலைக் கண்டு நன்றியுடன் தலையசைத்துக்கொண்டு வாகனத்தைத் திருப்பினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் கருத்துப்படி பிரதேச வேறுபாடு பற்றிய பாடத்தின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு வீதிக்குரிய வேகம் அவ்வீதியில் இருக்கும் வரை பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. அதைச் சாரதி அடுத்த வீதிக்குள் காவிக்கொண்டு வரும்போதுதான் தீங்கு நேர்கிறது. நெடுநேரம் விரைவாகச் சென்றவரின் கண்ணும் மூளையும் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகின்றன. வெலிகந்தைக் காட்டு வீதியில் ஒரு மணித்தியாலம் 90இல் வந்தவர், ஓட்டமாவடியை நெருங்கும்போது 65க்குக் குறைத்திருப்பார். ஆனால் அவருக்கு அது 40 போலத் தோன்றும். "மெதுவாகத்தானே வந்தேன்" என்று பின்னர் அவர் கூறுவது பொய்யல்ல. அவருடைய புலன் அப்படித்தான் சொல்லியிருக்கும். அதிவேக நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிறவருக்கும் இதே மயக்கம் உண்டு. இதற்கு மருந்து, தன் உணர்வை நம்பாமல் வேகமானியைப் பார்ப்பது ஒன்றே. பத்து வருடம் சவூதியில் வலப்பக்கத்தால் ஓடிவிட்டுத் திரும்பியவர் முதல் சில வாரங்களுக்குச் சந்திகளில் தவறான பக்கத்தைப் பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

ஒரு சிறு கணக்கு

வேகம் கூடுவதன் விலையைக் கணக்காகப் பார்ப்போம். ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்குச் சாரதிக்கு 1.5 செக்கன் எடுக்கிறது என்று கொள்வோம். உலர்ந்த வீதியில் நல்ல பிரேக் உள்ள கார் ஒன்றின் வேகம் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் வீதம் குறையும் என்றும் கொள்வோம். 50 கிலோமீற்றர் வேகத்தில், பிரேக் பிடிக்க முன்னரே கார் 21 மீற்றர் ஓடிவிடும். பிடித்த பின் இன்னும் 14 மீற்றர். மொத்தம் 35. வேகம் 70 ஆனால் 29உம் 27உம் சேர்ந்து 56 மீற்றர். 100இல் 42உம் 55உம் சேர்ந்து 97 மீற்றர். வேகம் இருமடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. மழையில் வழுக்கும் வீதியென்றால் பிரேக் தூரத்தை மட்டும் இன்னும் இரட்டிக்கலாம்.

இதை மஞ்சட் கடவைக்குக் கொண்டுவருவோம். கடவைக்கு 35 மீற்றர் முன்னால் இருவர் ஒரே கணத்தில் ஒரு பிள்ளையைக் காண்கிறார்கள். 50இல் வந்தவர் கடவை ஓரத்தில் நின்றுவிடுகிறார். 70இல் வந்தவர் அதே இடத்தை அடையும்போது, பிரேக்கை முழுமையாக மிதித்த நிலையிலும், அவருடைய கார் இன்னும் 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வித்தியாசம் 20 கிலோமீற்றர்தானே என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. 2016, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் இலங்கையில் வீதி விபத்துகளால் இறந்தோர் ஒவ்வோர் ஆண்டும் 3,000ஐத் தாண்டினர். அவர்களில் பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் சென்றோருமே அதிகம்.

கிடைக்கும் இலாபம் என்ன? 100 கிலோமீற்றர் பயணத்தை 70 வேகத்தில் சென்றால் 86 நிமிடம். 80 வேகத்தில் 75 நிமிடம். சட்டத்தை மீறிப் பெற்றது 11 நிமிடம். ஊருக்குள் என்றால் இலாபம் இன்னும் அற்பம். நோன்பு திறப்பதற்குக் கால் மணித்தியாலம் இருக்கையில் நம் ஊர் வீதிகளில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் காட்சியை எல்லோரும் அறிவோம். வீடு 5 கிலோமீற்றரில் இருப்பதாகக் கொள்வோம். 40இல் சென்றால் ஏழரை நிமிடம். 60இல் சென்றால் 5 நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்துக்காகவா? ஒரு பேரீச்சம்பழமும் சிறு போத்தல் தண்ணீரும் சட்டைப்பையில் இருந்தால் வழியில் நிறுத்தியே நோன்பைத் திறந்துவிடலாம்.

பாதையிலிருந்து பிறருக்குத் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். பாதையில் அமர்கிறவர்கள் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும் பணித்தார்கள். பிறருக்குத் துன்பம் தராதிருப்பது அவ்வுரிமைகளில் ஒன்று. வாகனம் இல்லாத காலத்துப் பாதைக்கே இந்த உரிமை இருந்ததென்றால் பெருந்தெருவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! ஜும்ஆ வேளையில் பள்ளிவாசல் முன்னால் வீதியின் பாதியை அடைத்து வாகனங்களை நிறுத்திவிட்டு உள்ளே சென்று அமர்வது நம்மவர் பழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே ஒடுங்கிய வீதி அந்நேரத்தில் ஒரு நிரலாகிவிடுகிறது. நெடுந்தூரத்திலிருந்து வரும் பஸ் சாரதிக்கு அது வெள்ளிக்கிழமை நண்பகல் என்பது தெரியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாடசாலை வேன் சாரதி வேகமாக ஓடுகிறார் என்று முறையிடுகிறோம். அவர் ஏன் ஓடுகிறார் என்று பார்த்தால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைக்காக இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்திருக்கிறார். பத்து வீட்டில் மூன்று நிமிடம் என்றால் அரை மணித்தியாலம் போய்விட்டது. பாடசாலை தொடங்குவதோ 7.30க்கு. அந்த அரை மணித்தியாலத்தை அவர் வீதியில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இம்மலரை வாசிக்கும் மாணவிகளில் பலர் 18 வயதானதும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். பெண்கள் வாகனம் செலுத்துவதற்கு இருந்த தடையைச் சவூதி அரேபியாவே 2018 ஜூனில் நீக்கிவிட்டது. நம் நாட்டிலோ அப்படியொரு தடை இருந்ததே இல்லை. அதற்கு முன் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். கணித மன்றமோ விஞ்ஞான மன்றமோ இதை ஏற்று நடத்தினால் நல்லது.

பாடசாலை மதிலுக்கு உள்ளே, வீதி தெளிவாகத் தெரியும் பாதுகாப்பான ஓரிடத்தைத் தெரிவு செய்யுங்கள். வெளியே வீதியோரம் 50 மீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பங்களாகவும் இருக்கலாம். இடைவெளியை முன்கூட்டியே ஆசிரியர் ஒருவர் அளந்து தரட்டும். ஒரு வாகனம் முதல் அடையாளத்தைக் கடக்கும்போது நிறுத்தற் கடிகாரத்தை இயக்கி, இரண்டாவதைக் கடக்கும்போது நிறுத்துங்கள். 180ஐ அந்தச் செக்கன் எண்ணிக்கையால் வகுத்தால் வேகம் மணிக்குக் கிலோமீற்றரில் கிடைக்கும். 4.5 செக்கன் என்றால் 40, 3.6 என்றால் 50, 3 என்றால் 60, 2.6 செக்கனுக்குள் கடந்துவிட்டால் அவர் 70ஐ எட்டிவிட்டார். காலையில் பாடசாலை தொடங்க முன்னர் ஒரு தடவையும், வீதி வெறிச்சோடியிருக்கும் 10 மணியளவில் ஒரு தடவையும், பாடசாலை விடும் 1.30க்கு ஒரு தடவையும் 100 வாகனங்கள் வீதம் அளந்து, கார், பஸ், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் என்று வேறுபடுத்தி எழுதுங்கள். பின்னர் மூன்று பட்டியல்களிலும் 85ஆவது வாகனத்தின் வேகத்தைத் தேடிப் பாருங்கள்.